பதினான்காம் வரிசை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. மூன்று பேர் சிரித்தோம், அதில் ஒருத்தி நான். வாய்விட்டுச் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் கண்ணீர் வழியச் சிரிக்கிற அந்த மஞ்சள் மூஞ்சியைப் போட்டோம், அவ்வளவுதான். அரை நொடி வேலை. அதற்கு இப்போது உட்கார்ந்து கதை எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன். முதலாவது: "நாகல் நகரில் அன்று நல்ல மழை." திண்டுக்கல்லில் நல்ல மழையாம்! படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாவது: "இறந்த பிறகும் ரூபியின் கை" என்று ஆரம்பித்து, எனக்கே முதுகு சில்லிட்டு, பாதியில் நின்றது. மூன்றாவது எங்கள் குழுவின் விதியிலிருந்து தொடங்கியது. உருப்படியாகத் தோன்றியது அதுதான்.

2

'ஊசிநூல் தோழிகள்' குழுவில் பதினொரு பேர். தனித்தனி வீட்டில் கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறவர்கள் சேர்ந்து ஒரே போர்வை பின்னுவது எங்கள் பழக்கம். வெள்ளை உல்லன் நூல், ஊசி, பாதிப் போர்வை மூன்றும் ஒரு துணிப்பையில் இருக்கும். ரஃபியாவின் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஓர் ஆணியில் பை தொங்கும். தோதுப்பட்டவள் எடுத்துப் போய் ஒரு வரிசை பின்னிவிட்டுத் திரும்ப மாட்டிவிட வேண்டும். ரஃபியா அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவாள்.

எந்த வரிசை யாருடையது என்று சொல்லக் கூடாது. தப்பு இருந்தால், அடுத்து எடுப்பவள் யாரையும் கேட்காமல் பிரித்துவிட்டுச் சரியாகப் போட வேண்டும். ஆள் தெரியாததால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. (இந்த விதியைக் கொண்டுவந்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.)

இந்த முறை போர்வை, எங்களில் ஒருத்தியான வடமதுரை ரூபியின் மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. அந்தப் பெண்ணுக்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்த ஆட்களுக்கு இந்தக் கதையில் நல்லது எதுவும் நடக்கக் காணோம்.

3

சகாயசெல்வி கணக்கு டீச்சர். தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவளைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பழியை அவள் தலையில் கட்டிவிட்டு நான் நழுவப் பார்ப்பது எனக்கே தெரிந்தது, அடித்துவிட்டேன். செல்வி நல்லவள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவள்.

அவள் கைக்குப் பை வந்தபோது பதினாலாவது வரிசை கோணியிருந்தது. மற்ற வரிசைகளின் கண்ணிகள் ஒரு பக்கம் சாய்ந்தால், இது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஓரிடம் தொளதொளவென்றும் ஓரிடம் இறுகியும் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த யாரோ என்று நினைத்துக்கொண்டாள். குழுவில் அம்புட்டு பேர் கையும் அவளுக்குத் தெரியும். ரூபியின் கை இயந்திரத்தில் போட்ட மாதிரி இருக்கும். ரூபியாக இருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை.

சரசரவென்று பிரித்தாள். அச்சடித்த மாதிரி புதிதாகப் போட்டாள். பிறகு குழுவில் எழுதினாள்: "பதினாலாவது வரிசைய யாருப்பா போட்டது? எங்க ஆறாங்கிளாஸ் பிள்ளைக கூட இப்படிக் கோணலாப் போடாது. பிரிச்சிட்டேன்."

மூன்று சிரிப்பு விழுந்தது. எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது.

[ரூபி அதைப் பார்த்தாள். — இந்த வாக்கியம் வேண்டாம். அழித்துவிட்டேன்.]

ஒன்பதாம் நாள் ரூபி இறந்துபோனாள். செல்வி முதல் பஸ்ஸில் வடமதுரை போனாள். ஐந்து மாத வயிற்றோடு அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்து சொன்னாள்:

"அம்மாவுக்கு வலது கை விழுந்துபோச்சு ஆன்ட்டி. குரூப்புல சொல்லாதன்னுருச்சு. ரெண்டு மாசமா இடது கையில பழகுச்சு. பிள்ளைக்கு ஒரே ஒரு வரிசையாச்சும் போட்றணும்னு அம்புட்டு பாடு. போட்டு முடிச்ச அன்னைக்கு அழுதுருச்சு."

தான் பிரித்தது எந்த வரிசையை என்று செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், அதைச் சொல்லவில்லை.

4

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் செல்வி பையைத் தொடவில்லை. பரீட்சைத் தாள் என்றாள், மூட்டுவலி என்றாள். மற்றவர்களே நாற்பது வரிசையும் முடித்தார்கள். சுற்றிலும் கரை மட்டும் பாக்கி. "கரைக்கு உங்க கைதான்க்கா வேணும்" என்று ரஃபியாவே ஆட்டோவில் பையைக் கொடுத்தனுப்பிவிட்டாள். ரூபியின் மகள் நாலு மணிக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

மத்தியானம் மூன்று மணி. வாசலில் வெயில் கொளுத்தியது. செல்வி போர்வையை மடியில் விரித்துக் கீழேயிருந்து விரலால் எண்ணினாள். பன்னிரண்டு. பதிமூன்று.

பதினாலாவது வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அதே தொளதொளப்பு, அதே இறுக்கம். மற்ற வரிசைகள் மின்விசிறிக் காற்றில் குளிர்ந்து கிடக்க, அது மட்டும் யாரோ இப்போதுதான் மடியிலிருந்து இறக்கி வைத்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. "மாதாவே" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

குரோஷா தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வரிசையை மாற்ற முடியாது. ஒவ்வொன்றும் கீழே உள்ளதைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பதினாலை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் இருபத்தாறையும் பிரித்தாக வேண்டும். ரூபி அதைப் பார்த்தாள். செல்வி ரஃபியாவுக்குப் போன் போட்டாள்.

"ரஃபியா, பதினாலாவது வரிசைய யாராச்சும் பிரிச்சுப் போட்டாங்களா?"

"என்னக்கா பேசுறீங்க? மேல இருக்கிற அம்புட்டையும் பிரிக்காம எப்படிக்கா முடியும்?"

"நான் போட்டப்ப நீ எடுத்த போட்டோவுல அது எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு."

ரஃபியா போட்டோவைத் தேடிப் பார்த்தாள். "எப்பவும் இருந்த மாதிரித்தான்க்கா இருக்கு. கொஞ்சம் சாஞ்சாப்புல. ஏன், அழகாத்தானே இருக்கு?"

செல்வி தன் போனில் தேடினாள். அன்று வரிசை நேராக இருந்ததை அவள் கண்ணால் பார்த்த அதே போட்டோ. அதிலும் சாய்ந்திருந்தது.

5

(ஒரு குறிப்பு. மேலே ரஃபியாவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் இருக்கிறது, பார்த்தீர்களா? அதை அங்கே நான் எழுதவில்லை. மூன்றாம் பகுதியில் எழுதினேன், உங்கள் கண் முன்னாலேயே அழித்தேன். இந்தப் பக்கத்தை நாலு தடவை திருத்தினேன். நாலு தடவையும் அது வேறு வேறு இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். பயமா என்றால், ஆமாம், பயம்தான்.)

6

நாலு மணிக்கு கேட் சத்தம் கேட்டது. எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்து, செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையைத் தடவினாள்.

"ஆன்ட்டி, இதுல எங்கம்மா போட்டது எந்த வரிசை?"

இங்கே எனக்கு மூன்று முடிவு கைவசம் இருக்கிறது.

ஒன்று. செல்வி பதினாலைத் தொட்டுக் காட்டி "இதுதாம்மா" என்கிறாள். அந்தப் பெண் குனிந்து முத்தம் கொடுக்கிறாள். பிரித்த கதை யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குப் பாட்டியின் வரிசை கிடைத்துவிடும். செல்வி மட்டும் தினமும் முழுங்க முடியாததை முழுங்கிக்கொண்டு இருப்பாள்.

இரண்டு. "உங்கம்மா போட்டத நான் பிரிச்சிட்டேன் பாப்பா. பிரிச்சது மட்டுமில்ல, குரூப்புல கேலியும் பண்ணினேன்" என்று சொல்லிவிடுகிறாள். சொன்னதும் இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். பதினாலாவது வரிசை நேராக, அச்சடித்த மாதிரி, செல்வியின் கையாக இருக்கிறது. உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பெண் தன் அம்மாவை இரண்டாம் தடவை இழக்கிறாள். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

மூன்று. செல்வி ஊசியை இடது கையில் எடுத்து, கரையைக் கோணலாகவே பின்ன ஆரம்பித்து,

இல்லை. இது நல்லபிள்ளை முடிவு. எனக்கு ஆறுதலாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

'ரூபி அதைப் பார்த்தாள்' என்ற அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் கதை ஒழுங்காக முடியுமோ என்று கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அதை எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். நான் சிரித்ததையும் சேர்த்து. அப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம், இனி ஒன்றையும் பிரிக்க மாட்டேன்.

அந்தப் பெண் இன்னும் செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். செல்வியின் விரல் பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவில் நிற்கிறது. குழுவில் இல்லாதவர், சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களே பதில் சொல்லுங்கள்.

எதைச் சொன்னாலும் ரூபி அதைப் பார்ப்பாள்.