திராட்சைக்கொடி இல்லாத பாதி

போரினால் பர்மாத் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. அதனால் திருத்தணி ரயிலடிப் பக்கத்துப் பழைய மாதா கோயிலுக்குப் பீடத்தின் முன் சனங்கள் முழந்தாளிடப் புதுக் கிராதி செய்யத் தச்சன் எலியாசுக்குக் கிடைத்தது, அந்தக் கோயிலையே நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து நின்ற மரத்தடுப்புதான். இடப்பக்கம் நிலபுலம் உள்ள மேல்சாதிக்காரர்கள். வலப்பக்கம் எலியாசின் சனம். இடப்பக்கத்தார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கி எழுந்த பிறகே இவர்கள் பீடத்தை நெருங்கலாம்.

புதிதாக வந்த சாமியார் தடுப்பைப் பிடுங்கிப் போட்டார். "எல்லாரும் ஒரே வரிசையில முழந்தாள்போட்டு நன்மை வாங்கணும். பீடத்துல இருக்கிற திராட்சைக்கொடி கிராதியிலும் வரட்டும்" என்றார்.

எலியாஸ் கொடியைக் காகிதத்தில் ஒற்றியெடுத்து, இலை இலையாகக் கொத்தினான். நடுவே கதவு, இருபக்கமும் ஆறாறு முழம். பெரிய புதன்கிழமை சோறு கொண்டுவந்த அவன் மனைவி அன்னம்மாள், வேலை முடிந்த கிராதியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இன்னாங்க, வலப்பக்கம் மட்டும் மொட்டையா கீது?"

"ஆங், அது நம்ப பக்கம்..." என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பழகிய கை தானாகச் செய்திருந்தது. அவமானத்தில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டான்.

சாமியார் வந்து பார்த்தார். "பாஸ்குக்கு, உயிர்த்த ஞாயித்துக்கு, நாளில்லையே எலியாஸ். இப்படியே மாட்டிடு, பின்னால பாத்துக்கலாம்."

"பின்னாலன்னு சொன்னா அது வராதுங்க சாமி. நாங்க பாத்துகினுதானே இருக்கிறோம்."

பெரிய வெள்ளிக்கிழமை உளி எடுக்கக்கூடாது. எனவே வியாழனும் சனியும் மட்டுமே. அன்னம்மாள் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள அவன் கொத்தினான். சனிக்கிழமை பொழுது சாயுமுன் கிராதி பீடத்தின் முன் ஏறிவிட்டது.

பாஸ்கு பூசையில் இடப்பக்கத்தார் வழக்கம்போல முந்திக்கொண்டு தங்கள் பாதியை நிறைத்தார்கள். அன்னம்மாள் காத்திருக்கவில்லை. எழுந்துபோய் வலப்பாதியில், கதவையொட்டி, தனியாக முழந்தாளிட்டாள்.

இடப்பக்கத்துக் கழனிக்காரர் சத்தியநாதன் கைத்தடியுடன் கடைசியாக வந்தார். இடப்பாதியில் இடமில்லை. வலப்பாதியைப் பார்த்தார். அதே கொடி, அதே குலை. மொட்டையாக இருந்திருந்தால் அதையே சாக்காக வைத்து ஒதுங்கி நின்றிருப்பார். கொடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அன்னம்மாள் பக்கத்தில் சிரமப்பட்டு மண்டியிட்டார்.

அன்னம்மாள் சட்டென்று ஒரு முழம் விலகினாள். கிழவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எலியாஸ் பார்த்தான், அவன் கை செய்த அதே காரியத்தை அவள் உடம்பும் செய்துவிட்டது.

சாமியார் நற்கருணைக் கிண்ணத்துடன் கிராதியருகே வந்துகொண்டிருந்தார். அன்னம்மாள் முழந்தாளை எடுக்காமலேயே நகர்ந்து, கிழவரை ஒட்டியிருந்த தன் இடத்துக்கே திரும்பி வந்தாள்.