சோம்பேறியின் குரல்

இடது கையில் தாடை அச்சு, வலது கையில் சூடேறிய கரண்டி, கண் மட்டும் மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்த போன் மேல். செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் மெழுகை உருக்கிக்கொண்டே அரட்டை அடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. 'வால்' என்று ஒரு குழு. பூனை வளர்க்கிறவர்கள் மட்டும்தான் அதில் சேரலாம், சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அவள் தொழிலைக் கேட்டதுமே எல்லோருமாகச் சேர்ந்து 'பல்லம்மா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

எத்தனையோ பேர் இருந்தாலும் வாயாடுகிறவர்கள் சிலர்தான். பணிமனையில் பஸ்ஸை விட்ட கையோடு வந்து உட்காரும் டிரைவர். எல்லோருடைய எழுத்துப் பிழையையும் திருத்தும் டீச்சர். அப்புறம் சோம்பேறி. ஆணா பெண்ணா, இளசா கிழடா, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஆள் வந்துவிட்டால் குழுவே களைகட்டிவிடும்.

"சோம்பேறி, இன்னிக்கு மகாராணி என்ன பண்றாங்க?" என்று பல்லம்மா எழுதுவாள்.

"என் தலகாணியில தூங்கறாங்க. நான் தரையில உக்காந்து விசிறிட்டு இருக்கேன்."

"சம்பளம் ஏதாவது உண்டா?"

"அப்பப்ப ஒரு கடி."

பல்லம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். கூடத்து முதலாளி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மகாராணி குறட்டை விடுவதைப் பதிவு செய்து சோம்பேறி குழுவில் போட்டார். பல்லம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டாள். கர் கர்ரென்று பூனை. அதற்குப் பின்னால் ஒரு பாத்திரம் உருளும் சத்தம். உடனே ஓர் ஆண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரியாப் போச்சு போ!" என்றது.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அது அண்ணன் குரல். அந்தச் செருமல் அப்பாவுடையது. அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்தது. உடன்பிறந்தவனின் குரலை எத்தனை வருஷமானாலும் காது மறக்குமா? அவனோடு பேச்சு வார்த்தை அம்மாவின் காரியத்தோடு சரி. அதற்குப் பிறகு வீடு மாறிப் போனார்கள் என்று யாரோ சொன்னார்கள், எங்கே என்று இவள் கேட்கவில்லை.

அன்று அவள் அடுக்கிய பல்வரிசையை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, சிரிக்கிற பல்லா இல்லையே. யாரையோ கடிக்கப் போற மாதிரி இருக்கு."

"மறுபடி செஞ்சு தர்றேன் சார்," என்று வாங்கி, மெழுகோடு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள்.

வீட்டுக்குப் போயும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். துவைத்த துணியை மடித்து, மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். இத்தனை மாதமாக அண்ணனோடா அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம்? பல் வேலை என்று தெரிந்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லையா? இல்லை, தெரிந்துகொண்டேதான் தங்கச்சியைச் சீண்டிக்கொண்டிருந்தானா? இந்தக் கடைசிக் கேள்விதான் அவளை உட்காரவிடாமல் அடித்தது.

"நேராக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"என்னன்னு கேக்கறது? 'சோம்பேறி அவர்களே, நீங்க என் அண்ணனா'ன்னா?"

"கேளேன். இல்லன்னா சிரிச்சிட்டுப் போறாங்க."

"ஆமான்னா?"

அவள் எழுதினாள், அழித்தாள். மறுநாளும் எழுதினாள், அழித்தாள். குழுவில் அவள் வாயே திறக்காததைப் பார்த்து, "பல்லம்மா எங்க? பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்று சோம்பேறி கேட்டிருந்தார். அதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் பார்க்கப் போன பல்லம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். இடுப்பு வரை தொங்கும் அம்மாவின் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள் அண்ணி. "உங்க அம்மாவா இருந்தா இப்படி வெட்டியிருப்பீங்களா? வாருறதுக்குச் சோம்பல்பட்டு மொட்டையடிச்சிருக்கீங்க!" என்று இவள் தெரு கேட்கக் கத்தினாள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; இவள் விடவில்லை. அண்ணன் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் அவளுக்கு ஆறவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் குழு அல்லோலகல்லோலப்பட்டது. சோம்பேறி எழுதியிருந்தார்: "மகாராணி வாயை மூட மாட்டேங்கறா. எச்சில் ஒழுகுது. முகத்தைக் காலால பிறாண்டிக்கறா. டாக்டர் கடை பூட்டியிருக்கு. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

மங்கலாக ஒரு படமும் வந்தது. பல்லம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல்வாயில், இந்தப் பக்கத்துக் கடைவாய்க்கும் அந்தப் பக்கத்துக் கடைவாய்க்கும் குறுக்கே ஒரு எலும்புச் சில்லு பாலம் போட்ட மாதிரி மாட்டியிருந்தது.

"எலும்பு குத்திட்டு நிக்குது. தண்ணி கொடுக்காதீங்க, தள்ளவும் பாக்காதீங்க," என்று எழுதினாள்.

"பல்லம்மா, நீங்களே போய்ப் பாருங்களேன்," என்றார் டிரைவர். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே? போன வாரம் ஒரே மழையைப் பத்திப் புலம்பினீங்க."

"ஆமாம், போங்க. வாயில்லா ஜீவன்," என்றார் டீச்சர்.

தனிச்செய்தியில் சோம்பேறியின் விலாசம் வந்தது. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். இத்தனை பக்கத்திலா! இடுக்கியையும் நெற்றியில் கட்டும் விளக்கையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அண்ணனிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை. 'பூனைக்காகத்தான் வந்தேன்' என்று கறாராகச் சொல்ல வேண்டும். இல்லை, 'அண்ணா' என்று மட்டும் சொன்னால் போதும். இல்லை, எதுவுமே பேசாமல் எலும்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

கதவைத் திறந்தது அண்ணி.

மார்போடு சேர்த்து ஒரு துண்டு மூட்டை, அதற்குள் பூனை. முன்கையெல்லாம் நகக்கீறல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"நீயா?" என்றாள் அண்ணி.

பல்லம்மா பூனையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பூனையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவளாயிற்றே இவள்!

"சோம்பேறி... நீங்களா அண்ணி?"

"பின்ன யாரு, உங்க அண்ணனா? அவருக்குப் போன்ல எழுத்துக்கூட்டவே அரை நாள் ஆகும். உள்ள வா, இவ துடிக்கறா."

சமையலறை மேடையில் பூனையைக் கிடத்தினார்கள். அண்ணி துண்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, ராஜாத்தி, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாள். பல்லம்மா விளக்கைப் போட்டு, விரலால் தாடையைத் திறந்து, இடுக்கியை உள்ளே விட்டாள். ஒரு முறை வழுக்கியது. பூனை உறுமியது. இரண்டாம் முறை சில்லைத் திருப்பி இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மகாராணி துண்டிலிருந்து பாய்ந்து அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டு இருவரையும் ஒரு முறை முறைத்தாள்.

"நன்றி சொல்ற மூஞ்சியைப் பாரு," என்றாள் அண்ணி.

அந்தக் குரலில் எழுத்திலிருந்த அதே குறும்பு. பல்லம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் யார் வீட்டில் நிற்கிறோம் என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணி கையைக் கழுவி மருந்து தடவிக்கொண்டாள். "பல்லு வேலைன்னதும் எனக்கு ஒரு நாள் சந்தேகம் வந்துது. உலகத்துல எத்தனையோ பேர் பல்லு செய்யறாங்கன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்குப் பூனையே ஆகாதே?"

"ஆகாதுதான். உங்க அம்மா போனப்புறம் பகல் முழுக்க வீடு வெறிச்சுன்னு கிடந்துது. இவ ஜன்னல் வழியா வந்தா. துரத்தினேன், போகல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பல்லம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் அவளுடைய பூனைக்கு முடி சடை பிடித்துப் போய், வெட்ட மனசில்லாமல் குழுவில் புலம்பியபோது, 'அழகு பாக்காதீங்க, அடியில தோல் புண்ணாகும். வெட்டிடுங்க, அது நிம்மதியாத் தூங்கும்' என்று எழுதியது இதே அண்ணிதான். இவளும் வெட்டிவிட்டு ஆயிரம் நன்றி சொன்னாள்.

"அண்ணி, அம்மா தலையில..."

"புண்ணு," என்றாள் அண்ணி, திரும்பாமல். "படுத்தே கிடந்தா என்ன ஆகும்? சீப்பு பட்டாலே அழுவாங்க. அவங்களேதான் வெட்டுன்னாங்க. சொல்ல வந்தேன், நீ விடல."

பல்லம்மா இடுக்கியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்காம எப்படி இருக்க முடியும்? சும்மா 'விட்டுட்டேன்'னு பொய் சொல்ல மாட்டேன்." அண்ணி துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "ஆனா பல்லம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவளுக்கு வேணும்னா ஒரு காபி போட்டுத் தர்றேன்."

காபி குடித்தார்கள். பூனைகளைப் பற்றியே பேசினார்கள். விடுமுறையிலும் அண்ணன் வேலைக்குப் போயிருப்பதாகவும், சாயங்காலம் வந்துவிடுவார் என்றும் அண்ணி சொன்னாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் பல்லம்மா.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் விடாமல் அடித்தது. டிரைவரும் டீச்சரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று துளைத்துக்கொண்டிருந்தார்கள். சோம்பேறி எழுதினார்: "எலும்பு வந்துடுச்சு. பல்லம்மாவுக்குத் தங்கமான கை. ஆள்தான் நான் நெனச்சதை விடக் குள்ளம்." குழு சிரித்துத் தள்ளியது.

பதில் எழுத விரலைக் கொண்டுபோனபோது தனிச்செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை அவர் வீட்லதான் இருப்பார். நான் இன்னும் எதுவும் சொல்லல. சொல்லட்டுமா?"

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பஸ் வந்து நின்றது, நடத்துநர் இவளைப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. 'சொல்லுங்க' என்று எழுதினாள். அழிக்கவில்லை. அனுப்பவும் தைரியம் வராமல், போனைக் கையில் பிடித்தபடி நிறுத்தத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அடுத்த பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்ததும் சட்டென்று விரலை அழுத்திவிட்டாள்.