குழலின் உள்சுவர்

“கைய எடுங்க, நானே இழுத்துப் பாக்கறேன்.”

“இன்னும் எத்தினி வாட்டி இழுப்ப? போன தடவைக்கு இது எவ்ளோ மேலுன்னு உனக்கே தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? நூலுக்குத் தெரியணுமே.”

பரிமளா அந்தப் பித்தளைக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பட்டு இழையை அதற்குள் நுழைத்து மெதுவாக இழுத்தாள். மறுபக்கம் வந்த இழையில் பூனை முடி போலப் பிசிறு எழும்பியிருந்தது. அதைக் கணவன் தனசேகரனின் முகத்துக்கு முன்னால் ஒருமுறை ஆட்டிவிட்டு, இன்னொரு குழலை எடுத்தாள். அது எதிர்வீட்டு அருணகிரி கடைந்து கொடுத்தது. அதில் இழை தண்ணீர் போல வழிந்து வந்தது.

“தம்பியோடதுல வழுக்கிகினு போவுது பாருங்க. இன்னா கையோ அது!”

தனசேகரன் தன் கையைப் பார்த்தான். விசைத்தறிகளைப் பிரித்து மாட்டி, எண்ணெய் ஏறி, நகக்கண்ணெல்லாம் கறுத்த கை. கல்யாணமானதிலிருந்து அதைப் பார்த்து அவள் ஒரு நாளும் இப்படி வாய்பிளந்ததில்லை.

அவளுடைய நூல் சுற்றும் மெஷினில் ஒவ்வொரு இழையும் ஒரு குழல் வழியாகத்தான் பாபினுக்குப் போகும். பழைய குழல்கள் தேய்ந்துவிட்டன. “நான் பண்ணித் தரேன்” என்று முதலில் சொன்னவன் தனசேகரன்தான். மூடிப்போன பட்டறையிலிருந்து பழைய கடைசல் லேத் ஒன்றை வாங்கிவந்து பின்கட்டில் போட்டிருந்தான். வெளிப்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி கடைந்துவிடுவான். உள்பக்கம்தான் பேஜார். சுண்டுவிரல்கூட நுழையாத துளைக்குள் வெட்டும் டூல் போனதும் நடுங்கும், கீறும். உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்கவும் முடியாது.

“சாயங்காலம் மெஷின ஓட்டியாவணும். அதுக்குள்ள சரியா வந்தா உங்களுத மாட்டறேன். இல்லன்னா தம்பியோடது” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

அருணகிரி காலையிலேயே செய்யாறு கம்பெனி பஸ்ஸில் போய்விட்டிருந்தான். அது தெரிந்துதான் தனசேகரன் அவன் வீட்டுக்குப் போனான். அவனிடம் இரவல் வாங்கிய வெர்னியர் அளவுகோல் கையில் சாக்காக இருந்தது.

“மாடில வெச்சிட்டு வாங்கண்ணா, டீ போடறேன்” என்றாள் அருணகிரியின் மனைவி தீபா.

மாடி அறையில் புது லேத் நின்றது. பக்கத்தில் ஒரு பழைய பட்டுத் துணியின்மேல் துளையின் உள்பக்கத்தைக் கடையும் சின்னச் சின்ன போரிங் டூல்கள் படுத்திருந்தன. பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது. தூங்கும் குழந்தைகளை எழுப்பிவிடக் கூடாது என்பது போல அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்றின் நுனியில் பித்தளைப் பொடி ஒட்டியிருந்தது. இதுதான். உடைந்த டிரில் பிட்டின் தண்டைச் சாணை பிடித்துச் செய்தது. துளைக்குள் நுழையக்கூடிய அளவுக்குத் தடிமன், தேவைக்கு மேல் துளியும் நீளமில்லை. வெட்டும் மூக்கு மட்டும் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. சூட்சுமம் அங்கேதான் என்று முடிவுகட்டி, நாலு பக்கமும் போனில் படமெடுத்தான்.

“எல்லாத்தயும் பாத்தீங்களா?” டீயை நீட்டியபடி தீபா சிரித்தாள். “என்னக்கூட இவ்ளோ பதனமா வெச்சிக்க மாட்டாரு.”

டீ நாக்கைச் சுட்டது. நின்றபடியே குடித்துவிட்டு வந்தான்.

அவனிடமும் உடைந்த டிரில் பிட்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. தடித்த தண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாணையில் பிடித்தான். சூட்டில் நுனி நீலம் பாயும் முன் தண்ணீரில் முக்கினான். மூக்குக்குக் கீழே சுவரில் உரசாதபடி சரித்தான். பித்தளைக்காக மேல்முகத்தைத் தட்டையாக விட்டான். முடிந்ததும் டூல் அச்சு அசல் அதேபோல இருந்தது. அருணகிரியின் கை தன் மணிக்கட்டில் வந்து முளைத்துவிட்டது போல ஒரு சந்தோஷம், கூடவே ஒரு கூச்சம்.

லேத்தில் மாட்டி ஓட்டினான். டூல் வெட்டவில்லை. கிரீச்சென்று கத்தியது. குழல் சூடேறியது, ஒரு சுருள்கூட விழவில்லை. மறுபடி தீட்டினான், மறுபடி கத்தியது.

சத்தம் கேட்டுப் பரிமளா வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தம்பி மெஷினு இப்டி சுத்தாதே. அந்தாண்டல்ல சுத்தும்.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“குழல் வாங்கப் போனன்ல? தீபாவும் நானும் நின்னு பாத்துகினு இருந்தோம். உள்ள வெட்றதுகூடக் கண்ணுக்குத் தெரிஞ்சிது.”

“ரொம்ப நேரமா?”

“இன்னா ரொம்ப நேரமா?”

“நின்னு பாத்தத கேக்கறேன்.”

“இத அங்க வந்து கேட்டிருந்தா தம்பியே சொல்லிருக்கும்” என்றாள் அவள்.

ரிவர்ஸ் சுவிட்சைப் போட்டான். மூக்கு அவன் பார்வைக்கு நேரே இருந்த எதிர்ச்சுவரில் பட்டதும் மெல்லிய சீழ்க்கைபோல ஒரு சத்தம் எழுந்தது. பித்தளைத் துகள் பொன்னாய்ச் சொரிந்தது. உள்ளே வெட்டுவது முதன்முறையாக அவன் கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இதைப் பரிமளா தனக்கு முன்னாலேயே, இன்னொருவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள் என்றும் தோன்றியது.

அவள் இழையை இழுத்தாள். பிசிறில்லை. அவள் முகம் மலர்வதற்காக அவன் காத்திருந்தான். அவளோ லேத்தில் இருந்த டூலைக் குனிந்து பார்த்து, பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீங்களேவா இத யோசிச்சீங்க?”

அவன் டூலைக் கழற்றினான். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கம்பெனி முடிந்து வந்த அருணகிரி யூனிஃபார்மோடு நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டான். பரிமளாவின் கையில் இருந்த குழலை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

“அண்ணே! சோக்கா வந்துருக்கு. என்னுதவிட மேலு, அம்மா சத்தியமா.” அந்தக் குரலில் கலப்படமே இல்லை. “இன்னா டூலுண்ணே போட்டீங்க?”

தனசேகரனின் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. சூடு இன்னும் ஆறாத நுனி உள்ளங்கையில் பதிந்தது. பரிமளா இழையை விரலில் சுற்றிக்கொண்டு, எங்கும் போகாமல் நின்றாள்.

“குடுங்கண்ணே, ஒருவாட்டி பாத்துட்டுத் தரேன்” என்று அருணகிரி கையை நீட்டினான்.