மெலாத்திக்குப் போட்ட பட்டை

குதிரைக்கு யாராவது திருநீற்றுப் பட்டை போடுவார்களா? காளியண்ணன் போட்டார். நெற்றியில் மட்டும் என்றால்கூட நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். கழுத்து, முதுகு, வயிறு, கால்கள் என்று ஓரிடம் விடாமல் விரல்களால் இழுத்து வைத்திருந்தார். கரும்பழுப்புக் குதிரை, அதன் மேல் பளீரென்று வெள்ளைக் கோடுகள்.

சுங்கை சோ பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குதிரைப் பண்ணை எங்களுடையது. எங்களுடையது என்றால், முதலாளியுடையது. நானும் காளியண்ணனும் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறோம். இவள் பெயர் மெலாத்தி. மலாய் மொழியில் மல்லிகை. இந்த நிறத்துக்கு அந்தப் பெயரா என்று முதலாளியிடம் யார் கேட்பது?

மாட்டு ஈ கடித்தால் மற்ற குதிரைகளுக்குத் தடிக்கும், அடங்கிவிடும். மெலாத்திக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. கடித்த இடமெல்லாம் புண். அரிப்பு தாங்காமல் வேலியில் தேய்த்துத் தேய்த்து இன்னும் புண். பூச்சிமருந்து அடித்தால் தோல் வெந்துபோனது. வேப்பெண்ணெய் தடவினோம், செரை என்கிற எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினோம், புகை போட்டோம், லாயத்தில் பெரிய காற்றாடி வைத்தோம். உள்ளே இருக்கும்வரை பரவாயில்லை. ஆனால் இவள் அடைந்து கிடப்பவளா? கதவை உதைத்தே காலை உடைத்துக்கொள்வாள். வெளியே விட்டால் ஈ மொய்க்கும். “இந்த வதை போதும், ஊசி போட்டு அனுப்பிவிடலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். கால்நடை டாக்டர் ஷர்மினி அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது.

அதனால்தான் காளியண்ணன் விடிந்ததும் திருநீற்றைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு, தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அங்கே சாமியின் சிமெண்டுக் குதிரைக்கு உடம்பெல்லாம் பட்டை தீட்டியிருக்கும். இவளையும் தன் குதிரையாகச் சாமி எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. போனில் அவரைப் பிடித்தேன்.

“என்னண்ணே இது? டாக்டர் பார்த்தா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிச்சா சிரிக்கட்டும்லா ஃப்ளோரா. சாமி கண்ணுல படணும்ல.”

“நான் கழுவப்போறேன்.”

“ஐயோ, கழுவாத தங்கச்சி!”

வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. நானும்தான் ரவாங் சர்ச்சில் இவளுக்காக முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. சாகப்போகிறவளைக் கூத்துக்காரி மாதிரி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

வேலியோரம் கட்டி, இடது பக்கம் முழுக்கக் கழுவினேன். தண்ணீர் மாற்றக் குழாயடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், கழுவிய பக்கம் ஈ அப்பிக்கிடந்தது. மெலாத்தி தன் வயிற்றையே உதைத்துக்கொண்டிருந்தாள். துணியால் விசிறிக்கொண்டே வலது பக்கம் வந்தேன்.

ஒன்றுகூட இல்லை.

ஈக்கள் வராமல் இல்லை. வந்தன. வேகமாக வந்து, உட்காரவேண்டிய நேரத்தில் என்னவோ ஆகி, தோலில் இடித்துத் தெறித்தன. சில அவளைத் தாண்டியே போய்விட்டன. இறங்கத் தெரியாத மாதிரி, இடம் எங்கே என்று புரியாத மாதிரி. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகுதான் உறைத்தது, பாதியை நான் அழித்துவிட்டேன் என்று.

காளியண்ணன் குழைத்து வைத்த கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. கையை நீட்டினேன். கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் திருநீற்றைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்தில் தட்டை நீட்டினால்கூட அப்பா சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிடுவார். மெலாத்தி வலியில் கனைத்தாள். ‘ஆண்டவரே, மன்னிப்பு அப்புறம் கேட்கிறேன்’ என்று விரல்களை உள்ளே விட்டேன்.

போட்டேன். கோணல்மாணலாகப் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை! ஈரத்தில் சாம்பல் இருந்த இடமே தெரியாமல் மறைந்தது. ஈக்கள் என் விரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடித்தன. நம்பாதவள் கை பட்டால் ஆகாதோ? ஏதாவது சொல்லிப் போடவேண்டுமோ? எனக்கு அழுகை முட்டியது.

வெயில் ஏறியது. தோளில் முதல் கோடு வெளுத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. காயக்காய ஒவ்வொரு கோடாக உள்ளேயிருந்து எழுந்து வந்தது. கோடு எழுந்த இடத்தில் ஈ குறைந்தது. என் கை போட்ட கோடு! கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் ஈக்கள் வந்து வந்து தவறின.

டாக்டர் ஷர்மினி ஊசிப் பையோடு வந்தார். சிரிக்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “வரிக்குதிரை மேல ஈ அவ்வளவா உட்காராது, கோடு அதோட கண்ண ஏமாத்திடும்னு படிச்சிருக்கேன். நேர்ல இப்பதான் பார்க்கிறேன்” என்றார்.

மெலாத்தியை அவிழ்த்துவிட்டோம். மரநிழல் வரை நடந்தாள். முன்னங்கால்கள் மடங்கின. அப்படியே சரிந்து விழுந்தாள்.

“டாக்டர்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

ஷர்மினி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பயப்படாதீங்க. தூங்குறா. பயமில்லாத இடத்துலதான் குதிரை இப்படிப் படுக்கும்.” பையைத் திறக்காமலே காரில் வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

தேங்காய் மூடியோடு வந்த காளியண்ணன் அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் அந்தக் கோணல் கோடுகளைப் பார்த்தார், என் வெளுத்த விரல்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“புல்லுல அழிஞ்சிடும்ணே. நாளைக்கும் போடணும்லா” என்றேன். “இந்தப் பக்கம் நான் போடுறேன்.”