வேறொருத்தியின் காது

காதுக்குள் மைக் வைத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குத்தான் ஜெஸ்பினுக்குக் கை எழவில்லை.

கடியப்பட்டணத்தில் அவளுடைய கல்லூரித் தோழி ஜின்சியின் வீடு. மாடியில் ஒற்றை அறை. ஜின்சியின் அண்ணன் ஜெஃப்ரின் பகலில் வயரிங் வேலைக்குப் போவான். மிச்ச நேரமெல்லாம் அந்த அறையில்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தான். ஜன்னலை அடைத்துப் பழைய ஜமுக்காளம். சுற்றுவட்டாரத் தேவாலயப் பங்குகளில் பதிவு செய்த கோவில் பாட்டுகள் அவனிடம் வரும். எந்தக் குரல் எவ்வளவு, எந்த வாத்தியம் எங்கே என்று ஒலி சேர்த்துக் கொடுப்பான். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாடுகிறவள் கண்ணுக்கு நேரே வந்து நிற்பாள்.

அவன் ஷார்ஜாவுக்குப் போகிறான். எலக்ட்ரீஷியன் விசா. அங்கே பாட்டு சி.டி. போடும் ஒருவர், லீவு நாட்களில் ஒலி சேர்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஜெஃப்ரின் கிளம்புவதே அந்த வேலையை நம்பித்தான். ஆனால் தங்குமிடம் அடுக்குக் கட்டில் போட்ட அறை. அங்கே ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் அடி விழும். ஹெட்போனில்தான் செய்ய வேண்டும். ஹெட்போனில் பாட்டு எதிரே நிற்காது, மண்டைக்குள் நிற்கும்.

“எங்க ஜெஸ்பின் எம்.எஸ்ஸி. புராஜெக்டு இதுலதான் செய்தா,” என்று ஜின்சி அண்ணனிடம் சொல்லிவிட்டாள். “ஒனக்க ரூமெ அப்படியே ஹெட்போனுக்குள்ள அடச்சுத் தருவா பாரு.”

ஜின்சி சொன்னதில் பொய் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஓசை நேராகக் காதுக்குள் போவதில்லை. சுவரில் பட்டு, தோளில் பட்டு, காது மடலின் மேடுபள்ளங்களில் சுற்றித்தான் உள்ளே நுழைகிறது. அந்தச் சுற்றலை வைத்துத்தான் ஓசை முன்னாலா பின்னாலா என்று மூளை தெரிந்துகொள்கிறது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காதின் வாசலிலும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மைக் வைத்து, ஸ்பீக்கரில் ஓர் ஓசையை விட வேண்டும். அது அடிவயிற்று முழக்கமாகத் தொடங்கி ஊசிபோல மேலே ஏறிப் போகும். பிறகு மைக் அசையாமல் அதன்மேல் ஹெட்போனை மாட்டி, அதே ஓசையை மறுபடி விட வேண்டும். முதல் அளவில் அறை இருக்கும். இரண்டாவதில் ஹெட்போனின் குணம் இருக்கும். அந்தக் குணத்தைக் கழித்து அறையைச் சேர்த்தால், ஹெட்போனில் ஸ்பீக்கர் கேட்கும்.

யாருக்கு வேண்டுமோ அவர் காதில்தான் அளக்க வேண்டும். ஒருவர் காது மடல் இன்னொருவருக்கு இல்லை. ஜெஸ்பின் அதைத் தன் புராஜெக்டில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

அளக்கப் போன அன்று மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜின்சி சாயா போடக் கீழே இறங்கினாள். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். ஜெஸ்பின் பஞ்சு அடைப்பானில் ஒட்டிய மைக்குகளை ஜெஃப்ரினின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணா. காது ஓட்டையோட வாசல்ல இருக்கணும். உள்ள தள்ளாண்டாம்.”

அவனால் தன் காதைத் தானே பார்க்க முடியுமா? தடவித் தடவி வைத்தான். முதல் ஓசை பாதி ஏறும்போதே வலது மைக் நழுவித் தோளில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

“நீ வச்சு விடு மக்கா. எனக்குப் பிடி கிட்டல்ல.”

காது மடலை மேலே இழுத்துப் பிடித்து அடைப்பானை அழுத்திவிட வேண்டும். அரை நிமிஷ வேலை. ஜெஸ்பின் எழுந்தாள். கருங்கல்லில் அவள் போகும் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். தம்பியைத் தவிர வேறு ஆண்பிள்ளை யாரையும் அவள் தொட்டதில்லை. அவனுடைய கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் அவன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெஸ்பின் உட்கார்ந்துவிட்டாள்.

“பரவால்ல அண்ணா. கிடைச்சது போதும்.”

அந்நேரம் விசா ஏஜென்ட் கூப்பிட்டான். ஜெஃப்ரின் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஜெஸ்பின் லேப்டாப்பைப் பார்த்தாள். வலது காதின் கோடு கண்டபடி கிழிந்து கிடந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. அவள் மைக்குகளைத் தன் காதில் வைத்துக்கொண்டு, அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்து முடித்தாள். ஹெட்போனில் போட்டுப் பார்த்தாள். பாடுகிறவள் நேர் எதிரே நின்று பாடினாள். இவ்வளவு நன்றாக இருக்கிறதே, அவனுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த முறை போனபோது ஜெஃப்ரின் கேட்டுப் பார்த்தான். கழற்றினான். மறுபடி மாட்டினான்.

“பாடுறவ எனக்க பிடரியில நிக்கா,” என்றான். “ஒனக்கு எப்படிக் கேக்குது?”

ஜெஸ்பின் மாட்டிப் பார்த்தாள். “முன்னாலதான் அண்ணா.”

அது உண்மை. அதனால்தான் பொய்யைவிட மோசமாகப் போய்விட்டது. ஜெஃப்ரினின் கை தானாக வலது காதுக்குப் போனது. சின்ன வயதில் திருவிழா வெடி ஒன்று அந்தக் காதுக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றான். “செவி போச்சு. இவ்வளவு நாளும் நான் சும்மா கதெ விட்டுட்டு இருந்திருக்கேன்.”

“போடே, கிறுக்கா,” என்றாள் ஜின்சி. அவள் சிரித்தாள். ஜெஸ்பின் லேப்டாப்பை மூடினாள். அப்போது வாய் திறந்திருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

பிறகு ஜின்சி போனில் சொல்லச் சொல்ல ஜெஸ்பின் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்த்தான். காதில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. ஷார்ஜாக்காரரிடம் பாட்டு வேலை தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டான். ஸ்பீக்கர்களை மைக் செட் சகாயத்துக்கு விலை பேசியாயிற்று. கிளம்புகிற அன்று அவர் வந்து எடுத்துக்கொள்வார்.

“அம்மை ஒரே அழுகெ, ஏட்டி,” என்றாள் ஜின்சி.

ஜெஸ்பின் வாட்ஸாப்பில் எழுதினாள், அழித்தாள். என் காதில் அளந்தேன் என்று எழுதினால், ஏன் என்று எழுத வேண்டும். உங்களைத் தொடக் கூச்சம் என்று எந்த வார்த்தையில் எழுதினாலும் வேறு ஏதோ சொல்வதுபோல இருந்தது. ஸ்பீக்கர் அந்த அறையை விட்டுப் போனால் அளக்க ஒன்றும் மிச்சமிருக்காது என்பது மட்டும் நாள் முழுக்க நெஞ்சை அறுத்தது. கடைசியில் அவன் கிளம்புகிற அன்று காலையில்தான் பஸ் ஏறினாள்.

வீடு நிறைய ஆட்கள். சித்திமார், மாமன்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வாசலில் வேன். மைக் செட் சகாயம் ஒரு ஸ்பீக்கரை மாடிப்படி வரை இறக்கிவிட்டிருந்தார். ஜின்சியின் அம்மா லீமா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்தியா மக்கா? இப்பம்தான் குருசடியில போயிட்டு வாறேன். அந்தோணியாருக்கு வெள்ளியில ஒரு செவி செய்து வச்சேன். அவனுக்கு ஒரு கொறவும் வராது.”

ஜெஸ்பின் கையை விடுவித்துக்கொண்டாள். ஜின்சியைத் தனியே கூப்பிட்டு, “இன்னொரு தடவ அளக்கணும். இப்பமே,” என்றாள்.

“ஏட்டி, வேன் நிக்குது.”

“இப்பமே அளக்கணும்.”

சகாயம் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பீக்கரை மேலே ஏற்றினார். “விக்கியா இல்லியாலே? சொல்லிரு. எனக்கு இடுப்பு ஒண்ணுதான் உண்டு.” தரையில் ஸ்பீக்கர் நின்ற இடம் தூசி இல்லாத சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்திலேயே திரும்ப வைத்தார்கள். ஜெஃப்ரின் புதுச்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தான். தங்கை சொன்னதற்காக உட்கார்ந்தான். முகத்தில் நம்பிக்கை இல்லை. வேடிக்கை பார்க்கக் கதவு நிறைய ஆட்கள் நின்றார்கள்.

ஜெஸ்பின் மைக்குகளை எடுத்தாள். தனியாக இருந்தபோது செய்ய முடியாததை ஊர் கூடி நிற்கும்போது செய்ய வேண்டியிருந்தது. அவனுடைய வலது காது மடலை மேலே இழுத்துப் பிடித்தாள்.

“மெல்ல பிள்ளே, நாளைக்கு அவனுக்கு வேணும்,” என்றாள் சித்தி ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஜெஸ்பின் அழுத்திவிட்டாள். இடது காதுக்கும் வைத்தாள். இரண்டும் அசையவில்லை.

“இனி ஆரும் மிண்டப்பிடாது,” என்று ஜின்சி அதட்டினாள். கீழே ஆள் அனுப்பி வேன்காரரை இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். வீடு அடங்கியது. கடல் மட்டும் இரைந்தது. ஓசை முழங்கி ஏறியது. அது உச்சிக்குப் போகும்போது ஒரு பிள்ளை பயந்து அழ, மறுபடி முதலிலிருந்து விட வேண்டியதாயிற்று. ஹெட்போனை மைக் மேல் படாமல் இறக்கி மாட்டி, அதையும் அளந்தாள். லேப்டாப் கணக்கிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஹார்ன் அடித்தது.

பாட்டைப் போட்டாள்.

ஜெஃப்ரின் அசையாமல் இருந்தான். பிறகு எழுந்தான். ஹெட்போன் ஒயர் இழுபட, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அது அதிரவில்லை. சும்மா கிடந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“முன்னால நிக்கா,” என்றான்.

லீமா சிலுவை போட்டுக்கொண்டாள். “அந்தோணியாரே!”

ஜெஃப்ரின் ஹெட்போனைக் கழற்றினான். “அன்னைக்கு ஏன் இப்படி வரல்ல?”

மைக் நழுவிவிட்டது என்று சொல்லலாம். அது நடந்ததும்கூட. சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் அவன் என்று ஆகிவிடும், அவள் தப்பிவிடுவாள். லீமா அந்தோணியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அளந்தது எனக்க காதுல,” என்றாள் ஜெஸ்பின்.

“என்னது?”

“ஒங்க காதுல மைக் நிக்கல்ல. தொட்டு வைக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நீங்க போன பொறவு நான் ஒங்க நாற்காலியில இருந்து எனக்க காதுல வச்சு அளந்தேன். ஒங்களுக்கு அது சரியாக் கேக்காது. ஒங்க காதுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கும் ஒண்ணுமில்ல.”

“கொள்ளாமே!” என்றாள் சித்தி. “பிள்ளைக்குக் கூச்சமாம், கேட்டியளா? இப்பம் சந்தையில வச்சுத் தொட்டதுக்கு அன்னைக்கே தொட்டிருக்கலாம்.”

சிரிப்பு படி வரை இறங்கிப் போனது. ஜெஃப்ரின் சிரிக்கவில்லை.

“நான் டாக்டர்ட்ட போனது ஒனக்குத் தெரியும்லா?”

“ஜின்சி சொன்னா.”

“தெரிஞ்சுமா மிண்டாம இருந்தே?”

கூச்சம் என்று இதற்கும் சொல்ல முடியாது. ஜின்சி அவளைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

லீமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

“அப்பம் நான் அந்தோணியாருக்கு வச்ச செவி ஆருக்கு?” என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

கீழே ஜெபம் சொன்னார்கள். ஜெஸ்பின் கதவோரம் நின்றாள். சகாயம் ஸ்பீக்கரில் கை வைக்கலாமா என்று கேட்டபோது, “கொண்டு போங்க அண்ணே. ரூம் எனக்கிட்ட இருக்கு,” என்றான் ஜெஃப்ரின். வேனில் ஏறும்போது போனில் யாரிடமோ, “பாட்டு வேலெய நானே செய்துருவேன் அண்ணே,” என்று சொல்வது கேட்டது. ஹெட்போன் அவன் கழுத்தில் கிடந்தது. எல்லாரிடமும் போயிட்டு வாறேன் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

“சாயா குடிச்சிட்டுப் போ,” என்றாள் லீமா. குரலில் கோபம் இல்லை. பழைய ‘மக்கா’வும் இல்லை. குடிக்காமல் போனால் அதுவும் ஒரு மரியாதைக் கேடு. ஜெஸ்பின் நின்றபடியே சூடாக விழுங்கி, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அந்தோணியாரின் சிறு கோவில், அந்தக் குருசடி. அவள் அதற்குள் போனதில்லை. அவர்கள் சபையில் சொரூபத்துக்கு முன்னால் நிற்கும் வழக்கம் கிடையாது. இன்று வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றுவதா என்று தெரியாமல் கழற்றினாள். அந்தோணியாரின் காலடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், படகு. ஓரமாக ஏழெட்டுக் காதுகள். எல்லாம் ஒரே அச்சில் அடித்தவை. ஒரே மடல், ஒரே சுழி. எது புதிது, எது லீமா வைத்தது என்று குனிந்து தேடினாள். தெரியவில்லை.

பின்னால் மெழுகுவர்த்தியோடு யாரோ வந்தார்கள். ஜெஸ்பின் முக்காட்டை இழுத்துக் காதுகளை மூடிக்கொண்டு வழிவிட்டு வெளியே வந்தாள்.