உத்தரவு போட்டவர்கள் பாடிய பாட்டு

1925ஆம் ஆண்டு, ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த மாதங்களில், மலாயாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டுக்காரன் ஆம்புரோஸின் குரல் கங்காணி அப்பாவுவின் தொண்டைக்கு இடம் மாறியது. ஆள்கள் வரிசையில் நிற்கும் காலைப் பெரட்டில் கங்காணி அதட்ட வாயைத் திறந்தார், பாட்டு வந்தது.

ஆம்புரோஸ் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரன். பயந்த சுபாவம். கவலை வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது, பாட்டுத்தான் வரும். அவன் மனைவி குழந்தையம்மாளைப் பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன்பே வெட்டுக்கு வரச் சொன்னார்கள். வாளியைத் தூக்கியவள் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். அன்று சாயங்காலம் அவன் கட்டினான்: "மரத்துப் பாலு வாளியில, மாருப் பாலு மண்ணுல." ஆள்கள் குடியிருக்கும் லயமே பாடியது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அர்த்தம் கேட்டறிந்து, இனி எவரும் அதைப் பாடக் கூடாது, பாடினால் ஆம்புரோஸ் குடும்பத்தைத் துரத்திவிடுவேன் என்றார். அந்த உத்தரவை லயத்தில் சொன்னவர் கங்காணி. மறுநாள் பெரட்டிலேயே அவருக்கு அந்தப் பாட்டு வந்துவிட்டது.

அசல் ஆம்புரோஸ் குரல், இருமல்கூட அவனுடையது. அதட்ட வாயைத் திறந்தால் பாட்டு, சாப்பாடு கேட்டால் சொந்தக் குரல். ஆம்புரோஸுக்கோ பேச்சே நின்றுபோனது. துரை சொல்லி அவனைப் பிடித்துப்போக ஈப்போவிலிருந்து வந்த பஞ்சாபிப் போலீஸ்காரர், தமிழே தெரியாதவர், ஈப்போ ஓரத்துச் சிலிபின் வரை பாடிக்கொண்டே போனார். ஸ்டேஷனில் அதட்டியவர்களெல்லாம் பாடியதில் வேலை ஓடவில்லை என்று அவனைச் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியாகத் துரைக்கு வந்தது. கிளப்பில் பரிமாறுகிறவனைத் திட்ட எழுந்தவர் ஒரு சொல் பிசகாமல் தமிழில் பாடினார். நல்ல கைதட்டல்.

துரை ஆம்புரோஸைக் கூப்பிட்டனுப்பினார். பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டால் கங்காணி வேலை தருவதாகக் கனிவாகச் சொன்னார். கனிவு என்பதால் சொந்தக் குரலிலேயே வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சூசைநாதன் அதைத் தமிழில் சொன்னார். ஆம்புரோஸுக்கு ஆசைதான். பிள்ளையைக் கொஞ்ச ஒரு சொல் இல்லாமல் அவன் ஏங்கிப்போயிருந்தான். தலை ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற குழந்தையம்மாளின் முகத்தைப் பார்த்தான். ஆடிய தலையை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, வேண்டாம் என்று காட்டினான்.

"பிள்ளை பெத்தவளுக்கு ரெண்டு மாசம் வேலை வேணாம்னு சொல்லுங்க லா, தொரை," என்றாள் அவள். "அப்புறம் பாட்டு அது பாட்டுக்குக் கிடக்கும்."

துரை மறுக்கத்தான் வாயைத் திறந்தார். பாட்டு வந்தது. முழுதாகக் கேட்டு முடித்த கிராணி வெளியே போய், துரை சம்மதித்துவிட்டார் என்று ஆள்களிடம் அறிவித்தார். இல்லை என்று சொல்லத் துரைக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆம்புரோஸுக்கு அன்றே பேச்சு திரும்பியது. பிள்ளை தூங்கிய பிறகும் விடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தான். பாட்டு மட்டும் உத்தரவு போடுகிறவர்களை விட்டுப் போகவில்லை. 1929இல் புதுத் துரை கப்பலேறி வந்து முதல் பெரட்டில் நின்றபோது, ஆள்கள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். அவரும் பாடினார். பழைய துரையைவிடத் தொண்டை நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே வெட்டுக்குப் போனார்கள்.