கீழ்த்தட்டு

மாலை ஐந்து மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது.

ஆறு வருட மூளை ஆராய்ச்சி. தினம் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்த எலிக்குட்டிகள், வளர்ந்தும் கூண்டின் மூலையைவிட்டு நகரவில்லை. மூளையில் பயத்துக்கான பகுதியே மாறியிருந்தது. இந்தக் கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் ஏழு மாதத்தில் முடிகிறது.

கட்டுரைக்கு ஒரு படம் குறைந்தது. எடுக்க எலி அறைக்குப் போனாள். கூண்டு பராமரிப்பவர் மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"கட்டுரைய அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்ணே."

படமெடுக்கக் குந்தி, சுவரோடு பதித்த கீழ்த்தட்டைப் பிடித்தாள். உள்ளங்கையில் அதிர்வு ஏறியது. மேலே, சுவரைத் தொடாமல் நின்ற இரும்பு அடுக்கைத் தொட்டாள். அது சும்மா இருந்தது.

"இது ஏண்ணே நடுங்குது?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கூண்டு கழுவுற மெஷினு. காலைல போட்டா மத்தியானம் வரைக்கும் ஓடும். நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னேர்ந்தே ஓடுதே!"

"பிரிச்ச குட்டிங்க எல்லாம்..."

"கீழதான். தினம் எடுத்து வைக்கணும், என் தோள் வலிக்கு மேல எட்டாது. பிரிக்காததுங்க மேல. உங்க வசதிக்கு வச்சுக்கங்கண்ணேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவள் அவள்தான். எலிகள் பயந்தது தாய் இல்லாமலா, மெஷினாலா? ஆறு வருடத் தாளில் எங்கே தேடினாலும் பதில் கிடையாது.

துறைத்தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"தட்டு நடுங்குனதெல்லாம் ஒரு விஷயமா? யாருக்கும்மா தெரியப் போவுது?"

"எலிக்குத் தெரியும் சார்."

"விளையாடாத. வேலை போயிடும்."

மனசு மாறிவிடுமோ என்று பயந்து, "அனுப்பல சார்" என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"புதுக் குட்டிங்கள பாதி மேல, பாதி கீழ வைக்கணும்ணே. பிரிச்சது, பிரிக்காதது ரெண்டையும் கலந்து," என்றாள் பராமரிப்பவரிடம்.

"மறுபடி முதல்லேர்ந்தா? என் தோளு?"

"மேல்தட்டு என் பாடு."

குட்டிகளை வளர்த்துச் சோதிக்க மூன்று மாதம். மூளையை வெட்டிப் பார்க்க இன்னும் மூன்று. கையில் இருப்பது ஏழே மாதம்; ஒன்று தவறினாலும் போச்சு. ஸ்டூலில் ஏறி முதல் கூண்டைத் தூக்கினாள்.

"கெட்டியாப் புடிங்கம்மா," என்றார் அவர் கீழேயிருந்து. "நீங்க ஆட்டுற ஆட்டத்துக்கு மெஷினே தேவல."